மைனர் வாரிசும் ஒரு துறைமுக நகரமும்

2013 சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் இலங்கையும் மோதிய, வேல்ஸின் கார்டிஃப் நகர மைதானத்தின் பெயர் சோஃபியா கார்டன்ஸ். அந்த சோஃபியா, 1813 முதல் 1823 வரை கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் மகள். இரண்டாம் பியூட் மார்க்கிஸின் மனைவி. 1848 மார்ச்சில் கணவர் கார்டிஃப் கோட்டையில் காலமானபோது அவர்களுடைய ஒரே மகனுக்கு வயது ஆறு மாதம். பண்ணைகள், நிலக்கரி நிலங்கள், ஒரு துறைமுகம், கூடவே கழுத்துவரை கடன் என்று எல்லாம் அந்தக் குழந்தையின் தலையில் இறங்கின.

பியூட் குடும்பம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. 1766இல் நடந்த ஒரு திருமணத்தின் வழியாகத்தான் வேல்ஸ் சொத்து அவர்களுக்கு வந்தது. 1801இல் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத கார்டிஃபில் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கித் துறைமுகம் கட்டி 1839இல் திறந்தவர் இரண்டாம் மார்க்கிஸ். துறைமுகத்தில் போட்ட பணம் எளிதில் திரும்பாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. கப்பல் வந்தால் நிலக்கரிக்கு விலை வரும், நிலக்கரி போனால் ஊர் பெருகும், ஊர் பெருகினால் மனைக்கு மதிப்பு ஏறும். இம்மூன்றும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததால் ஓரிடத்தில் விட்டதை இன்னோரிடத்தில் பிடித்துக்கொள்ள முடியும்.

அந்தக் கணக்கை நடத்தி முடித்தவர்கள் டிரஸ்டிகள். வாரிசு மேஜராகும் வரை சொத்தைக் குலையாமல் காப்பதே உயில் அவர்களுக்குத் தந்த வேலை. காவலுக்கு வைத்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர்களோ ரோண்டா பள்ளத்தாக்கில் தாங்களே சுரங்கம் தோண்டினார்கள். ஆழத்தில் நல்ல நீராவி நிலக்கரி உண்டென்று காட்டிவிட்டால், தோண்டும் முதலாளிகள் தாமாகக் குத்தகைக்கு வருவார்கள் என்பது கணிப்பு. 1855இல் அந்த நிலக்கரி கார்டிஃபுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் இரண்டாவது துறைமுகத்தின் முதற்பகுதியும் திறக்கப்பட்டது. 1859இல் பணி முழுமையடைந்தது. பின்னாளில் ரோண்டாவில் முதலும் உழைப்பும் உயிரும் பிறர் போட்டவை. குடும்பத்துக்குத் தன் நிலத்திலிருந்து வெளியேறிய ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி.

 

சொத்தை உடையாமல் காக்கும் இந்த ஏற்பாடு நகரத்தில் வீடு கட்டியவர்களைத்தான் அதிகம் வாட்டியது. அந்நாளைய பிரிட்டனின் பெருங்குடும்பச் சொத்துகளில் தலைமகனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆயுட்கால அனுபவ உரிமைதான். நினைத்தபடி விற்க முடியாது. அடுத்த தலைமுறைக்கு அப்படியே போக வேண்டும். அந்தக் கட்டை ஓரளவு தளர்த்தி, உரிய பாதுகாப்புகளோடு விற்கும் அதிகாரம் தந்த சட்டம் 1882இல்தான் வந்தது. விற்க முடியாத மனையில் காசு பார்க்க இருந்த வழி நீண்டகாலக் குத்தகை. கார்டிஃபில் 99 ஆண்டுக் குத்தகையே வழக்கமாயிற்று. மனையை எடுத்தவர் தன் செலவில் வீடு கட்ட வேண்டும், ஆண்டுதோறும் அடிமனை வாடகை கட்ட வேண்டும். 99 ஆண்டு முடிந்தால் மனையோடு வீடும் நிலவுடைமையாளருக்கே போய்விடும். கட்டியவரின் பேரன் அதே வீட்டுக்கு வாடகைக்காரனாகலாம். பிறக்காத வாரிசுக்காக இத்தனை கரிசனம் காட்டிய சட்டத்துக்கு, வீடு கட்டியவனின் பிறக்காத பேரன் கண்ணில் படவில்லை.

1868இல் மேஜரான மூன்றாம் மார்க்கிஸ் அதே ஆண்டில் கத்தோலிக்கராக மதம் மாறி லண்டனையே பேச வைத்தார். டிஸ்ரேலியின் ‘லோதேர்’ நாவலுக்குத் தூண்டுதல் அவர்தான் என்பார்கள். கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸை வைத்து கார்டிஃப் கோட்டையின் அறைகளைப் பொன்னும் பளிங்குமாக இழைத்தார். தாராளமானவர், படிப்பாளி. ஆனால் அந்தத் தாராளத்தின் ஊற்றுக்கண் டிரஸ்டிகள் திறந்துவிட்டுப் போனது. துறைமுக நெரிசலாலும் கட்டணத்தாலும் சலித்துப்போன நிலக்கரி முதலாளிகள், டேவிட் டேவிஸ் போன்றோரின் முன்முயற்சியில், 1889இல் பக்கத்து ஊரான பாரியில் தனித் துறைமுகம் கட்டிக்கொண்டார்கள். 1913இல் நிலக்கரி ஏற்றுமதியில் அது கார்டிஃபை முந்தியது.

துறைமுகத்தில் போட்டி வந்தது, மனையில் வரவில்லை. 1938இல் பியூட் குடும்பம் நகரில் எஞ்சியிருந்த குத்தகை நிலங்களை மொத்தமாக விற்றுவிட்டு விலகியது. அந்த வாடகைகள் வெஸ்டர்ன் கிரவுண்ட் ரென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. 1947இல் கோட்டையையும் பூங்காவையும் மாநகருக்கு இனாமாகக் கொடுத்தது நல்ல காரியம்தான், மறுக்க முடியாது. குத்தகைதாரர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. விக்டோரியா காலத்துக் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கியபோது தெற்கு வேல்ஸில் கொந்தளிப்பு எழுந்தது. கார்டிஃப் மேற்குத் தொகுதி எம்.பி. ஜார்ஜ் தாமஸ் போன்றோர் விடாமல் போராடினார்கள். நீண்டகாலக் குத்தகையில் குடியிருப்பவர் மனையை விலைக்கு வாங்கலாம், அல்லது மேலும் 50 ஆண்டு நீட்டிப்புப் பெறலாம் என்று 1967இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.