முதல் நாளில் எது இருக்காது?

சென்னை ஓ.எம்.ஆரில் எந்த மென்பொருள் நிறுவனத்துக்குள் நுழைந்து வேலைப் பட்டியலைக் கேட்டாலும் பாதிக்கு மேல் ‘பி1’, அதாவது முதல் முன்னுரிமை, என்றுதான் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டது பி1. விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தது பி1. மேலாளரின் மேலாளர் இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சலில் போட்டது கேட்கவே வேண்டாம். மறுநாள் காலை வேலைக்கு உட்காரும் இளைஞர் என்ன செய்வார்? யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுடைய வேலையைக் கையில் எடுப்பார்.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்க அரசு 2013-ல் உலகத்துக்கே காட்டியது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான ‘ஹெல்த்கேர்.கவ்’ இணையதளம் அக்டோபர் 1 அன்று திறந்தது. 36 மாநில மக்களுக்கு அதுதான் வாசல். லட்சக்கணக்கானோர் முண்டியடித்தார்கள், ஆனால் அன்றைக்குக் காப்பீட்டை எடுத்து முடித்தவர்கள் ஆறே பேர் என்று நாடாளுமன்றக் குழு பின்னர் வெளியிட்ட குறிப்புகள் சொல்கின்றன.

பணமும் ஆளும் போதவில்லை என்று சொல்ல முடியாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரர்கள் வேலை பார்த்தார்கள். வேலைகளைத் தள்ளிவைக்கவும் செய்தார்கள். ஸ்பானிய மொழித் தளமும் சிறு நிறுவனங்களுக்கான இணையப் பதிவும் உரிய நாளில் வராது என்று செப்டம்பர் இறுதியில் அறிவித்தார்கள். கோளாறு, எதைக் கைவிட்டார்கள் என்பதில் இருந்தது. கணக்குத் தொடங்காமலே காப்பீடுகளின் விலையைப் பார்க்கும் வசதியும் அந்த மாதமே வெட்டுப்பட்டது. விளைவு, சும்மா விலை பார்க்க வந்தவரும் பெயர், பிறந்த தேதி, அடையாளச் சரிபார்ப்பு என எல்லாவற்றையும் கடக்க வேண்டியதாயிற்று. தீபாவளி நேரத்தில் தி.நகர் ஜவுளிக்கடை வாசலில் ஆதார் அட்டையைச் சரிபார்த்துத்தான் உள்ளே விடுவோம் என்றால் எப்படியிருக்கும்? உள்ளே எவ்வளவு நல்ல சேலை இருந்தும் பயனில்லை. அந்தத் தளத்திலும் கூட்டம் வாசலிலேயே நெரிந்தது.

மீட்புக்கு ஜெஃப் சையண்ட்ஸை வெள்ளை மாளிகை நியமித்தது. கூகுளில் இருந்த மைக்கி டிக்கர்சன் போன்ற பொறியாளர்கள் மேரிலாந்தின் கொலம்பியாவில் நடந்த அன்றாடக் கூட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே டிக்கர்சன் வகுத்த விதிகள் மூன்று. இந்த அறை பிரச்சினையைத் தீர்க்க; பழி போட வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பதவியில் பெரியவர் பேச வேண்டாம், விஷயம் தெரிந்தவர் பேசட்டும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் நம்மைக் கவிழ்க்கக்கூடியதை மட்டும் பார்ப்போம்.

மூன்றாவது விதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. எது நாளை கவிழும் என்பது பெரும்பாலும் கடைநிலைப் பொறியாளருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறக்க முடியாத அறையில் முன்னுரிமைப் பட்டியல் போட்டால், அது பதவி வரிசைப் பட்டியலாகவே வந்து நிற்கும். நம் அலுவலகங்களில் இதை மாற்றுவது, மென்பொருளை மாற்றுவதைவிடக் கடினம்.

மீட்புக் குழு முதலில் செய்தது, தளம் எப்படி ஓடுகிறது என்பதை எல்லோரும் ஒரே திரையில் பார்க்க வழி செய்தது. அதற்கு முன் அந்த வசதியே இல்லை! அடிக்கடி தேவைப்படும் தகவலை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் போய்த் தேடாமல், அருகிலேயே எடுத்து வைத்தார்கள். டிசம்பர் 1 அன்று சையண்ட்ஸ் வெளியிட்ட அறிக்கைப்படி, எட்டு வினாடி எடுத்த பக்கம் ஒரு வினாடிக்குள் திறந்தது. ஆறு சதவீதமாக இருந்த பிழை ஒன்றுக்குக் கீழே வந்தது. 400-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்திருந்தன.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சிறு நிறுவனங்களின் இணையப் பதிவு மேலும் ஓராண்டு தள்ளிப்போனது. ஸ்பானிய மொழியினர் டிசம்பர் வரை காத்திருந்தார்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பகுதி முடியாமலே கிடந்ததால், உத்தேசக் கணக்கில் பணம் கொடுத்துச் சமாளித்தார்கள். முன்னுரிமை என்றால் யாரோ சிலர் காத்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் யார் என்பதை மறைக்காமல் சொன்னதுதான் அந்த இரண்டு மாதத்தின் நேர்மை. அடுத்த ஏப்ரலுக்குள், மாநில அரசுகளின் தளங்களையும் சேர்த்து, 80 லட்சம் பேர் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

நம் நாட்டிலும் 2021 ஜூன் 7 அன்று, வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் பருவத்திலேயே, புது வருமான வரித் தளத்தைத் திறந்தார்கள். ஓடிபி வரவில்லை, பழைய கணக்குகளைக் காணோம் என்று புகார்கள் குவிந்தன. ஆகஸ்டில் நிதியமைச்சர், தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியையே அழைத்து விளக்கம் கேட்டார். செப்டம்பர் 30 என்றிருந்த தனிநபர் கெடு டிசம்பர் 31-க்கு நகர்ந்தது.

அடுத்த அரசுத் தளத்தையாவது, தொடக்க விழா தேதியைக் குறிக்கும் அன்றே, முதல் நாளில் என்னென்ன இருக்காது, யார் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்ற பட்டியலையும் வெளியிட்டுத் தொடங்கட்டும்.