நடுவில் இருக்கும் போர்டு

ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி வருபவர்களில் பொறியியல் மாணவர்கள் அதிகம். அவர்களில் பலர் கொண்டு வரும் புராஜெக்ட் ஒன்றேதான். ஒரு பழைய கம்ப்யூட்டர், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சிறிய மில்லிங் மெஷின், இரண்டுக்கும் நடுவில் ஓர் இன்டர்ஃபேஸ் போர்டு. "சார், பல்ஸ் வருது, மோட்டார் சுத்துது. இன்னும் என்ன வேணும்?" என்று கேட்பார்கள். இன்னும் நிறைய வேண்டும் என்பது என் கட்சி. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இந்தத் தொழிலுக்குச் சம்பந்தம் இல்லாத நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊர்க் கதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சி.என்.சி. இயந்திரத்தில் டூல் எங்கே போக வேண்டும், என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதை ஜி-கோடு என்ற வரிகளாக எழுதுகிறோம். கணினி அதைப் படித்துக் கணக்குப் போட்டு மின் துடிப்புகளாக அனுப்புகிறது. ஒரு துடிப்புக்கு மோட்டார் ஓர் அடி எடுத்து வைக்கும். 200 அடிக்கு ஒரு சுற்று. டிரைவில் ஒவ்வோர் அடியையும் பத்தாகப் பிரித்தால் சுற்றுக்கு 2,000 துடிப்பு. ஸ்க்ரூவின் பிட்ச் 5 மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்பு. அதாவது ஒரு துடிப்புக்கு 2.5 மைக்ரான். கணினியின் துடிப்புகளை டிரைவுக்குக் கடத்துவதும், மெஷினில் உள்ள சுவிட்சுகளின் நிலையைக் கணினிக்குச் சொல்வதும் நடுவில் இருக்கும் போர்டின் வேலை.

இப்படிச் சொன்னால் அது வெறும் ஒயர் இணைக்கும் பலகை போலத் தோன்றும். மாணவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் சிலரும் அப்படியே நினைக்கிறார்கள். நான் நினைப்பது வேறு. அந்தப் போர்டு கணினியைச் சந்தேகப்பட வேண்டும். கணினி சொல்வதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் போர்டு, எத்தனை நேர்த்தியாக சால்டர் செய்யப்பட்டிருந்தாலும் அரைகுறைப் போர்டுதான்.

இதற்குப் பழைய பேரலல் போர்ட்டே போதுமான சாட்சி. பிரிண்டருக்காக வந்த 25 பின் கனெக்டர் அது. 8 டேட்டா, 4 கண்ட்ரோல் என்று வெளியே போக 12 கோடுகள், உள்ளே வர 5 கோடுகள். மூன்று அச்சுக்கு ஸ்டெப், டைரக்ஷன் என்று ஆறு கோடுகள் போக, ஸ்பிண்டிலுக்கும் கூலன்ட்டுக்கும் மிச்சம் இருக்கும். மலிவாகவும் எளிமையாகவும் இருந்ததால் உலகம் முழுக்க வீட்டுப் பட்டறைகளும் சிறு தொழிற்கூடங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. சிக்கல் என்னவென்றால், கணினி பூட் ஆகும்போது அந்தப் பின்களின் நிலை யார் கையிலும் இல்லை. பயாஸ் ஒரு தடவை தட்டிப் பார்க்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் பிரிண்டர் இருக்கிறதா என்று தேடும். அந்தச் சில வினாடிகளில் ஒரு பின் ஹை ஆகி, அது ஸ்பிண்டில் ரிலேயின் பின்னாகவும் இருந்துவிட்டால், யாரும் கேட்காமலே ஸ்பிண்டில் சுற்றும்.

கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். பேனல் கதவில் மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்: 'முதலில் கம்ப்யூட்டர், பிறகு மெயின்'. ஆபரேட்டர் தம்பியிடம் காரணம் கேட்டேன். "மொதல்ல மெயினைப் போட்டா ஒரு தடவ உதறும்ங்க. பழகிப் போச்சுங்க" என்றார். அவருக்குப் பழகிவிட்டது, சரி. அவர் லீவு போட்ட நாளில் வந்து நிற்கும் புதுப் பையனுக்கு? அதைவிடப் பெரிய கேள்வி மின்சாரம். 2012 வாக்கில் கோவையில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது அங்கே தொழில் செய்த எவருக்கும் மறக்காது. கரண்ட் போகும்போது எல்லாம் அப்படி அப்படியே நிற்கும். திரும்பி வரும்போது கம்ப்யூட்டரும் மெயினும் ஒன்றாகவே உயிர் பெறும். மார்க்கரில் எழுதிய வரிசையை மின்வாரியம் படிப்பதில்லை. அந்த நேரத்தில் ஆபரேட்டரின் கை வைஸில் இருக்கும் ஜாபின் மேல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

போர்டில் இருக்க வேண்டிய பாதுகாப்பை அங்கே ஒரு மனிதனின் ஞாபகசக்தியில் வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இதற்கு மருந்து ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கணினியில் கண்ட்ரோல் நிரல் சரியாக ஓடும்போது மட்டும் ஒரு பின்னில் சதுர அலை ஒன்று வந்துகொண்டே இருக்க வேண்டும். மாக்3 என்ற நிரலில் அது 12.5 கிலோஹெர்ட்ஸ். போர்டில் அந்த அலை ஒரு கெப்பாசிட்டர் வழியாகப் போய் இரண்டு டையோடுகளில் நேராக்கப்பட்டு ஒரு டிரான்சிஸ்டரை இயக்கும். அலை மாறிக்கொண்டே இருந்தால்தான் கெப்பாசிட்டர் கடத்தும். பின் ஹையிலேயே நின்றாலும் லோவிலேயே நின்றாலும் ஒன்றும் போகாது. ரிலே விழுந்துவிடும், எல்லா அவுட்புட்டும் அணைந்துவிடும். சார்ஜ் பம்ப் என்று இதற்குப் பெயர். 74எச்.சி.123 மாதிரி ஒரு சில்லு வைத்தும் செய்யலாம். பூட் ஆகும்போது பின்கள் கன்னாபின்னாவென்று ஆடினாலும் இந்த வேகத்தில் தொடர்ந்து ஆடாது. ஆக, ஸ்பிண்டில் உறங்கும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. அந்த அலையை நிரலின் எந்தப் பகுதி உண்டாக்குகிறது என்று பார்க்க வேண்டும். திரை உறைந்து போன பிறகும் அடியில் இருக்கும் டிரைவர் அலையை அனுப்பிக்கொண்டே இருந்தால், உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறான் என்று போர்டு நம்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் சார்ஜ் பம்ப் இருந்தால் எமர்ஜென்சி சுவிட்ச் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை ஏன் பெரிதாக இல்லை என்றால், கணினி அப்போது விருந்தாளி. 1952-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் முதல் எண்வழி மில்லிங் மெஷினைக் காட்டியபோது, வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அலமாரிகளும் துளையிட்ட நாடாவும்தான் அதை இயக்கின. பின்னால் கணினிகள் மலிவானபோது, நாடா படிக்கும் கருவியைக் கழற்றிவிட்டு அதே கனெக்டரில் கணினியைச் செருகினார்கள். கண்ட்ரோலுக்கு அது கணினி என்றே தெரியாது, நாடாதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளும். கணினி செத்தால் அடுத்த வரி வராது, அவ்வளவுதான். லிமிட், எமர்ஜென்சி, சர்வோ எல்லாம் கண்ட்ரோலின் பொறுப்பு. இன்று ரெட்ரோஃபிட் செய்யும்போது அந்தக் கண்ட்ரோலையே தூக்கிவிட்டு விருந்தாளியை வீட்டுக்காரனாக்குகிறோம். அப்படியானால் பழைய வீட்டுக்காரன் செய்துகொண்டிருந்த காவல் வேலையை யார் செய்வது? நடுவில் இருக்கும் போர்டைத் தவிர வேறு ஆள் இல்லை.

நேரக் கணக்கிலும் கணினியை நம்ப முடியாது. மேலே சொன்ன ஸ்க்ரூவை நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் வினாடிக்கு 40,000 துடிப்பு வேண்டும். இரண்டு துடிப்புக்கு இடையில் 25 மைக்ரோ வினாடி. வைரஸ் ஸ்கேன், வைஃபை, திரை என்று ஆயிரம் வேலை பார்க்கும் கணினி ஒரு துடிப்பை 15 மைக்ரோ வினாடி தாமதமாக அனுப்பிவிட்டு அடுத்ததைச் சரியான நேரத்துக்கு அனுப்பினால், நடுவில் 10தான் மிஞ்சும். வேகமாக ஓடும் ஸ்டெப்பருக்கு இது தாங்காது. முனகிவிட்டு நின்றுவிடும். கணினியோ டூல் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டதாகவே எண்ணித் தொடரும். இதைச் சமாளிக்கத்தான், அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தில் பிறந்த இ.எம்.சி. நிரலும் அதன் வாரிசான லினக்ஸ்சி.என்.சி.யும் நேரம் தவறாத தனி வகை லினக்ஸ் கெர்னலில் ஓடுகின்றன.

யு.எஸ்.பி. வந்ததும் கதை இன்னும் மாறியது. யு.எஸ்.பி. தகவலைக் கட்டுக் கட்டாகத்தான் அனுப்பும். ஃபுல் ஸ்பீடில் 1 மில்லி வினாடிக்கு ஒரு கட்டு, ஹை ஸ்பீடில் 125 மைக்ரோ வினாடிக்கு ஒன்று. 25 மைக்ரோ வினாடி வேலையை அதன் தலையில் கட்ட முடியாது. ஆகவே துடிப்பு உண்டாக்கும் மூளை போர்டுக்கே வந்தது. ஆர்டுவினோவின் 16 மெகாஹெர்ட்ஸ் சில்லில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். நிரல் வினாடிக்கு 30,000 துடிப்பு வரை தருகிறது. பெரிய மெஷினுக்கு எஃப்.பி.ஜி.ஏ. கார்டுகள் இருக்கின்றன. இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு கவனம் வேண்டும். போர்டின் நினைவில் நகர்வுகள் வரிசையாகக் காத்திருக்கும். கேபிளைப் பிடுங்கினாலும் அந்த வரிசை தீரும் வரை மெஷின் ஓடும். தொடர்பு அறுந்ததும் நிற்க வேண்டும் என்பதை போர்டின் நிரலில் நாம்தான் எழுத வேண்டும். தானாக வராது.

அடுத்தது இரைச்சல். சத்தத்தைச் சொல்லவில்லை, மின் இரைச்சலைச் சொல்கிறேன். ஸ்பிண்டிலை ஓட்டும் வி.எஃப்.டி. பக்கத்திலேயே இருக்கும். 5 வோல்ட் ஒயரை அதன் மோட்டார் கேபிளோடு ஒரே டக்டில் போட்டால் லிமிட் சுவிட்ச் தொடாமலே தொட்டதாகச் சொல்லும். உடனே நிரலில் வடிகட்டும் நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது. 24 வோல்ட் இன்புட்டாகப் போடுங்கள். சின்னப் பொய்த் துடிப்பு அதைத் தாண்டி வராது, சுவிட்ச் முனையில் படியும் துருப் படலத்தையும் அது உடைத்துக்கொண்டு போகும். நீளமான எங்கோடர் ஒயர் என்றால் 26எல்.எஸ்.31, 26எல்.எஸ்.32 ஜோடியை வைத்து முறுக்கிய ஒயரில் வித்தியாச சிக்னலாக அனுப்புங்கள்.

சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போர்டுகளில் வரிசையாக ஆப்டோ கப்ளர் மின்னும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். திருப்பிப் போட்டு டிராக்கைத் தொடர்ந்து போனால், பலவற்றில் இரண்டு பக்கத்துக்கும் கிரவுண்ட் ஒன்றே. இரண்டு பக்கத்துக்கும் அதே யு.எஸ்.பி.யிலிருந்து 5 வோல்ட். நடுவில் சுவர் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே கதவைத் திறந்து வைத்த கதை இது. ஸ்டெப் கோட்டில் 6என்137 இருக்க வேண்டிய இடத்தில் மெதுவான பி.சி.817 வைத்திருப்பார்கள். துடிப்பின் விளிம்பு சரிந்து அகலம் மாறி, ஓர் எல்லைக்கு மேல் டிரைவ் எண்ணாமல் விட்டுவிடும்.

இப்போது எமர்ஜென்சி. சிவப்புக் காளான் பட்டனின் ஒயர் கணினியின் இன்புட்டுக்கு மட்டும் போகும் மெஷின்களை இன்னமும் பார்க்கிறேன். பட்டனை அழுத்தினால் நிரல் பார்த்து, முடிவு செய்து, நிறுத்தும். நிரலே பைத்தியம் பிடித்து ஓடும்போதுதானே அந்தப் பட்டனை அழுத்துவோம்? பைத்தியத்திடம் போய் 'நீ பைத்தியமா' என்று கேட்கும் ஏற்பாடு இது. பட்டன் நார்மலி குளோஸ்டு கான்டாக்டாக, லிமிட் சுவிட்சுகளின் கடைசி வரிசையோடு தொடராக, கான்டாக்டர் காயிலுக்கே போக வேண்டும். ஒயர் அறுந்தாலும் நிற்கும். கான்டாக்டர் தன் கான்டாக்ட் வழியாகவே தன்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பட்டனை விடுவித்தாலோ கரண்ட் திரும்பி வந்தாலோ தானாகக் கிளம்பாது, ஒருவர் வந்து ஸ்டார்ட் அழுத்த வேண்டும். கணினிக்கு ஒரு துணைக் கான்டாக்ட் கொடுங்கள். நின்றுவிட்டது என்ற செய்தி அதற்குப் போனால் போதும், அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் கரண்டை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்லமாட்டேன். வேகமாகச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கு மின்சாரத்தை வெட்டினால் அது தன் இஷ்டத்துக்கு வெகு நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். வி.எஃப்.டி. மூலம் பிரேக் போட்டு நிறுத்திய பின் வெட்டுவதே மேல். ஐ.இ.சி. 60204-1 தரநிலை இதைத்தான் வகை 0, வகை 1 என்று பிரிக்கிறது. எமர்ஜென்சிக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் அனுமதி. இசட் அச்சில் கனமான தலை தொங்கினால், மின்சாரம் போனதும் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும் பிரேக் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் காப்பாற்ற அழுத்திய பட்டனே தலையைக் கையின் மேல் இறக்கும்.

செலவு அதிகம் சார் என்பார்கள். உண்மைதான். கான்டாக்டர், 24 வோல்ட் சப்ளை, நல்ல ரிலே எல்லாம் சேர்ந்தால் போர்டைவிட விலை ஏறிவிடும். கல்லூரி புராஜெக்டில் ஸ்பிண்டிலுக்குப் பதில் பேனா மாட்டிப் படம் வரைந்தால் இவை எதுவும் வேண்டாம், மனமார விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அதே போர்டைக் கொண்டுபோய் மாமா பட்டறை மில்லிங் மெஷினில் மாட்டுகிறார்கள், அங்கேதான் எனக்குச் சண்டை. பழைய வார்ப்பிரும்பு உடல் இன்னும் முப்பது வருடம் தாங்கும், ரெட்ரோஃபிட் செய்வது நல்ல காரியம். அந்தக் காரியத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

என்னிடம் போர்டைக் காட்ட வருபவர்கள் சர்க்யூட் படத்தோடு வர வேண்டாம். ஸ்பிண்டிலும் மூன்று அச்சும் ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் கணினியின் கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டாவது முறை, டாஸ்க் மேனேஜரில் போய் நிரலைக் கொல்லுங்கள். மூன்றாவது, ஒரு லிமிட் சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். நான்காவது, பட்டறையின் மெயினையே அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். நான்கிலும் மெஷின் நின்று, நின்றது நின்றபடி இருந்தால் வாருங்கள், காபி சாப்பிட்டுக்கொண்டே மற்றதைப் பேசலாம். சோதனைக்கு முன் டூலைக் கழற்றி வைத்துவிடுங்கள்.