வேட்டை போயிற்று, நாய் இருக்கிறது

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். அந்தச் சீமையில் வேட்டை என்னும் காரியத்துக்கு மூன்று பூட்டுக்கள் விழுந்த கதையை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். மூன்றும் சட்டத்தினால் செய்தவை.

முதலாவது 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். லைஸென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளைக்காரருக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. இரண்டாவது 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம். பாட்டன் காலத்திலிருந்து ஆடு மேய்த்து, விறகு பொறுக்கி வந்த காடெல்லாம் 'ரிஸர்வ்' ஆயின. குடியானவனுக்கு மிஞ்சியது ஊர்ப் புறம்போக்கும், கரடும், கோடையில் வறண்டு கிடக்கும் குளமும், ஒரு நாயும்தான்.

அந்த நாய்தான் அவனுடைய துப்பாக்கி. கன்னி, சிப்பிப்பாறை முதலிய ஜாதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கூரிய முகம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிறவை. பொட்டலில் ஒரு முயல் எழும்பிவிட்டால் அப்புறம் அவற்றுக்கு எஜமானும் கிடையாது, வீடும் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கின் கோம்பை நாய் வேறு ரகம். காட்டுப் பன்றியையே எதிர்த்து நிற்கும்.

அமெரிக்காவில், சீனாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட 'பெஸன்ட்' என்னும் பறவையைப் பொது நிலங்களில் நாயோடு சென்று சுடுகிறார்கள். நாய் புதரிலிருந்து பறவையைக் கிளப்பும். விழுந்ததைக் கவ்விக்கொண்டும் வரும். நம்முடைய மயில், சிறுமலையில் கூவும் காட்டுக்கோழி, கௌதாரி, காடை எல்லாம் அந்தப் பறவையின் குடும்பந்தான். ஆனால் கௌதாரி பிடிக்க நம்மவர் நம்பியது கன்னியை அல்ல, கண்ணியை! கூண்டில் பழக்கிய கௌதாரியைக் கத்த விட்டு, சண்டைக்கு ஓடி வருவதைச் சிக்கவைப்பார்கள். காட்டுச் சேவலின் பாடு இன்னும் பரிதாபம். அதன் கழுத்திறகில் மெழுகுப் பொட்டு வைத்தாற்போல் புள்ளிகள் இருக்கும். சீமையில் தூண்டில் போடும் கனவான்களின் அலங்காரத்துக்காக அந்த இறகுகள் கப்பலேறின.

மூன்றாவது பூட்டு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதிலும் முதலில் உரிமச் சீட்டு என்று ஒரு சந்து இருந்தது. 1991-ஆம் வருஷத்துத் திருத்தம் அதையும் அடைத்தது. கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, துரத்துவது, முயற்சி செய்வதுகூட வேட்டையே.

முதலிரண்டும் அந்நியன் தன் சௌகரியத்துக்காகப் போட்டவை. மூன்றாவதை நாமே போட்டோம். வாயில்லாப் பிராணிகளுக்காகப் போட்டோம். அவற்றைத் திட்டிய வாயால் இதையும் திட்டுவது நியாயமாகப் படவில்லை. "பாட்டன் செய்ததுதானே?" என்பார்கள். பாட்டன் காலத்துப் புறம்போக்கு இன்று எங்கே? பல இடங்களில் மனைக் கற்கள் நட்டாயிற்று. மிஞ்சிய முள்ளுப் புதரில்தான் கௌதாரி தரையோடு தரையாக முட்டையிட வேண்டியிருக்கிறது.

சரி, நாய் என்ன செய்யும்? ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த பிராணி அது. 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தார்கள். சந்தோஷம். ஆனால் அந்தப் பெருமையைக் கேட்டு ஆசையாக வாங்கி, மொட்டை மாடியில் சங்கிலி போட்டுவிட்டு, 'ஏன் ஊளையிடுகிறது?' என்று கேட்கிற வீடுகளை என்ன சொல்வது! இது, சட்டம் எதுவும் போடாத நாலாவது பூட்டு.

கன்னியை வளர்க்க விரும்புகிறவர் முதலில் வேலி அடைத்த தோட்டம் ஒன்றைத் தேடிக்கொள்ளட்டும். காலையிலும் மாலையிலும் அதில் மனங்கொண்ட மட்டும் ஓட விடலாம். புறம்போக்கிலும் கரட்டோரத்திலும் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. சீட்டிக்குத் திரும்புவதைக் குட்டிப் பருவத்திலேயே பழக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு, முயல் எழும்பிய பிறகு சீட்டி காதில் விழாது.