காகிதமா? மரச்சீவலா? நார்த்தூளா?



இந்தத் தடவை நான் எழுதுவது ஒரு பாம்பைப் பற்றி. யாரும் பயந்து ஓட வேண்டாம். பாம்பு இங்கே இல்லை, கனடாவில் இருக்கிறது!

எங்கள் பெரியப்பா பையன் டொராண்டோவில் வேலை பார்க்கிறார். அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஒரு 'பால் பைத்தான்' வளர்க்கிறார். பெயரைக் கேட்டதும் எங்க அப்பத்தா, "அதுக்குப் பாலா ஊத்தறான்?" என்று கேட்டார். அந்தப் பால் இல்லை, பந்து! பயந்தால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும் சின்ன மலைப்பாம்பு அது. விஷம் கிடையாது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோ காலில் வந்தார். முகமே சரியில்லை. பாம்பு சட்டை உரிக்கிறது, ஆனால் உரியவில்லை! நல்லா இருக்கிற பாம்பு, காலுறையைக் கழற்றுவது போல மூக்கிலிருந்து வால் வரை ஒரே சட்டையாகக் கழற்றிவிடும். இதற்கோ துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண் மேலேயும் பழைய தோல் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் கையில் ஒரு இடுக்கி!

"அண்ணா, இடுக்கிய மொதல்ல கீழ வைங்க!" என்று கத்திவிட்டேன்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். ஒவ்வொரு தடவையும் சட்டையோடு அதன் மேல்தோலும் கழன்று வரும். ஒட்டி நிற்பதை இழுத்தால் அடியில் இருக்கும் புதுச் செதிலும் கிழிந்து கண்ணே போய்விடலாம். கால்நடை மருத்துவரும் மறுநாள் அதையேதான் சொன்னாராம். "இழுக்காதே, ஈரம் கொடு. பெட்டிக்குள் காற்று காய்ந்து கிடக்கிறது. தரையை மாற்று."

அங்கே குளிர்காலத்தில் வீடு முழுக்க ஹீட்டர் ஓடும். அதில் காற்று வறண்டுவிடும். அண்ணன் பெட்டியின் ஈரமானி 30 சதவீதம் காட்டியது. இந்தப் பாம்புக்குச் சாதாரண நாளில் சுமார் 60 வேண்டும், சட்டை உரிக்கும் நாட்களில் 70-க்கு மேல் இருந்தால் நல்லது.

சரி, பெட்டியில் என்ன பரப்புவது? கடையில் மூன்று சொன்னார்களாம்: காகிதம், ஆஸ்பென் மரச்சீவல், தென்னை நார்த்தூள். நார்த்தூள் கட்டியைக் கேமரா முன் பிடித்தார். எங்கள் களத்தில் அழுத்திக் கட்டுகிற அதே செங்கல் வடிவக் கட்டி!

எங்க வீட்டில் உலை கொதிப்பதே நார்த்தூளில்தான். அது உங்களுக்கும் தெரியும். அதனால் "இவ சொந்தச் சரக்குக்கு விளம்பரம் பண்றா" என்று நினைப்பீர்கள். நானே என்னைச் சந்தேகப்பட்டேன். ஆகையால் நம்ம பொள்ளாச்சியை மறந்துவிட்டு, பாம்பின் சொந்த ஊரை முதலில் பார்த்தேன்.

அதன் ஊர் ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் போன்ற நாடுகளின் புல்வெளி. வெளியே நல்ல வெயில் அடிக்கும் ஊர்தான். ஆனால் பகலில் பாம்பு வெளியே இருப்பதில்லை. எலி வளையிலும் கரையான் புற்றிலும் படுத்துக்கொள்கிறது! 'கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை' என்று நாம் சொல்வது அங்கேயும் நடக்கிறது, பாருங்கள். மேலே மண் காய்ந்திருந்தாலும் புற்றுக்குள் ஈரம் தங்கும்.

என் கருத்து இதுதான்: பெட்டியில் பரப்பும் பொருள் அழகுக்கு அல்ல, நமக்குக் கூட்டிப் பெருக்கச் சுலபம் என்பதற்கும் அல்ல. அது அந்தப் பாம்புக்குப் புற்றின் வேலையைச் செய்ய வேண்டும்.

இப்போது மூன்றையும் இந்தத் தராசில் வைப்போம்.

காகிதம்: விலை குறைவு, மாற்றுவது எளிது. புதிதாக வந்த பாம்புக்கும் நோயுற்ற பாம்புக்கும் நல்லது, உண்ணி இருந்தால் உடனே தெரியும். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்காது.

ஆஸ்பென் சீவல்: காய்ந்த இடத்துக்கு நல்லது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். (தேவதாரு வகைச் சீவல் மட்டும் எந்தப் பாம்புக்கும் வேண்டாம். அதன் வாசனை எண்ணெய் கெடுதல்.)

நார்த்தூள்: தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து, மெதுவாக வெளியே விடும். 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் சுமார் 70 லிட்டர் தூளாகப் பொங்கும். சீக்கிரம் மக்காது.

ஆக, என் ஓட்டு நார்த்தூளுக்கே. ஆனால் நிபந்தனையோடு!

1. நல்ல தண்ணீரில் கழுவி உப்பு நீக்கிய தூளாக இருக்க வேண்டும். மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு. களத்தில் 'லோ ஈ.சி.' என்று சொல்வது இந்தக் கழுவிய தூளைத்தான்.

2. தூளை மட்டும் போடக் கூடாது. முழுக்கக் காய்ந்தால் புழுதி பறக்கும். களத்தில் வேலை செய்யும் அக்காக்கள் வாயில் துண்டு கட்டுவது எதற்கு? பாம்புக்குத் துண்டு யார் கட்டுவார்? அதனால் மட்டைத் துண்டுகளையும் கலந்து, நான்கு விரற்கடை உயரமாவது பரப்ப வேண்டும்.

3. மேலே தெளிக்காமல் மூலைகளில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடி ஈரமாக, மேல் காய்ந்து இருக்கட்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் உருண்டை பிடிக்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டச் சொட்ட ஈரத்தில் படுத்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். காற்றோட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் சளி பிடிக்கும்.

4. இரையைத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். தூள் ஒட்டி வாய்க்குள் போகக் கூடாது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பாம்புக்கும் நார்த்தூள் சரி என்று சொன்னால் அது வியாபாரம், அறிவியல் ஆகாது. பாலைவனத்துப் பாம்புக்கு இதே ஈரத் தரை நோயைக் கொண்டுவரும். ஊரைக் கேட்டுத்தான் தரையைப் போட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தோப்பில் பாம்பு பிடிக்கக் கிளம்பாதீர்கள்! நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-இல் வந்த திருத்தத்தின்படி, சட்டத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போரும் பதிவு செய்ய வேண்டும். நம் பாம்புக்குப் புற்று தோப்பிலேயே இருக்கிறது. அதை இடிக்காமல் விட்டால் போதும்.

மார்ச்சில் அண்ணன் ஒரு படம் அனுப்பினார். மேசை மேல் நீளமாக ஒரே சட்டை. தலைப் பக்கம் இரண்டு கண் மூடிகளும் முழுசாக, பழைய தோலோடு சேர்ந்து வந்திருந்தன. அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"ஏங்கண்ணு, அத்தனை தூரம் கொண்டுபோய் அதப் பெட்டியில வைக்கணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். வைத்துவிட்டோம் என்றால், அதன் ஊரில் கொஞ்சத்தையாவது பெட்டிக்குள் கொண்டுவந்து தருவது நம் கடன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பக்கத்தில் தொங்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள்!

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி