வெள்ளி இழைச் சட்டையும் வெள்ளை முகக்கவசமும்

எங்காவது ஒரு தொற்று பற்றிய செய்தி வந்துவிட்டால் போதும், இணையக் கடைகளில் ‘கிருமியைக் கொல்லும்’ ஆடைகள் வரிசை கட்டுகின்றன. வெள்ளி இழை கலந்த சட்டை ஒன்றைக் காட்டி, பிள்ளைக்கு வாங்கலாமா என்று அண்ணி கேட்டார். வேண்டாம் என்றேன்.

வெள்ளி பாக்டீரியாவை அழிப்பது உண்மைதான். அதனால் வியர்வை நாற்றம் குறையும். ஆனால், சளிக்காய்ச்சலும் கோவிட்டும் சட்டை வழியாகவா வருகின்றன? மூச்சு வழியாக அல்லவா வருகின்றன! அமெரிக்காவில் இப்படிப்பட்ட துணியை விற்பவர், துணியை நாற்றத்திலிருந்து காக்கும் என்று சொல்லலாம். உடுத்துபவரை நோயிலிருந்து காக்கும் என்று, உரிய பதிவு இல்லாமல், சொல்லக்கூடாது. விளம்பரங்களில் இந்த வேறுபாடுதான் மறைந்துபோகிறது.

உண்மையிலேயே கெட்டிக்காரத் துணி ஒன்று உண்டு. என்95 முகக்கவசத்தின் நடு அடுக்கு அது. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, தலைமுடியைவிட மிக மெல்லிய இழைகளாகப் படிய வைக்கிறார்கள். பிறகு அதில் மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அதே வித்தைதான். சல்லடை வேலையை மட்டும் நம்பினால், மூச்சு முட்டும் அளவுக்கு அடர்த்தியாகச் செய்ய வேண்டியிருக்கும். இந்த மின்னூட்ட முறையில் பெரும்பங்கு ஆற்றியவர், தைவானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பீட்டர் சாய். 2020-இல் கவசங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஓய்வுபெற்றிருந்த மனிதர் மீண்டும் ஆய்வுக்குத் திரும்பினார். பயன்படுத்திய கவசத்தை, மின்னூட்டம் போகாமல் எப்படித் தூய்மைப்படுத்துவது என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி.

நம் வீடுகளிலோ அதைச் சவர்க்காரம் போட்டு அலசிக் கொடியில் காயப்போடுகிறோம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் சவர்க்காரமும் ஆல்கஹாலும் அந்த மின்னூட்டத்தைக் கெடுத்துவிடும். பார்க்க அதே வெள்ளைக் கவசம். வடிகட்டும் திறன் மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும்.

இந்த நுட்பமெல்லாம் வருவதற்கு முன்பே கவசத்தின் அருமையை உணர்ந்தவர் நம் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே. 1910 இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பினில் நுரையீரல் பிளேக் பரவியபோது, அது மூச்சுக்காற்றில் தொற்றுகிறது என்றார். பஞ்சை மெல்லிய கட்டுத்துணியில் பொதிந்து முகத்தில் இறுகக் கட்டச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அதே நோயில் இறந்தார். சுமார் 60,000 பேரைப் பலிகொண்ட பிறகு, 1911-இல் நோய் அடங்கியது.

இறுகக் கட்டச் சொன்னாரே, என்95-க்கும் அதுவேதான் உயிர்நாடி. மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி மங்கினால் மேலே இடைவெளி இருக்கிறது. பெரியவர்களின் கவசம் சிறு பிள்ளைகளின் முகத்தில் ஒட்டாது. அவர்களுக்கென்று உள்ள அளவைக் கேட்டு வாங்குங்கள்.