சத்தம் போடாத வால்வு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன நம் பெரியவர்களுக்கு மோட்டார் வீட்டைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்கள்.

மோட்டார் வீடு என்றால் வேறொன்றுமில்லை. ஒரு வானுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் அடக்கிவிடுவது. ஜெர்மனியில் வோல்க்ஸ்வாகன் கம்பெனியார் 1950-ம் வருஷம் ஒரு வானைச் செய்யத் தொடங்கினார்கள். மறு வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் வைக்கக்கூடிய அலமாரியையும் படுக்கையையும் செய்து கொடுத்தது. அந்த ஜாதி வண்டிகளில் ஐம்பது, அறுபது வயதானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் ஓடுகின்றன. எப்படி என்கிறீர்களா? சொந்தக்காரர்களே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கிறார்கள். அப்படிப் படுப்பவர்களில் பெண்களும் உண்டு.

இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஜான் மியூர் என்ற அமெரிக்கர். இஞ்சினீயராக இருந்தவர். ஸ்பானரையே தொட்டறியாதவர்களுக்காக, வோல்க்ஸ்வாகன் ரிப்பேர் பற்றி 1969-ல் படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். கரிக் கை பட்ட பக்கங்களோடு அது இன்னும் பல வண்டிகளில் ஸீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இந்த வேலையில் இறங்குவதில்லை. பழைய வண்டியில் ஒரு விசித்திரம் உண்டு. சத்தம் போடுகிற கோளாறைக் காது கண்டுபிடித்துவிடும். வாயைத் திறக்காத கோளாறுதான் குடியைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒருவர் அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே குழந்தைகளைத் தூங்க வைத்திருப்பவரைவிட அக்கறையாகப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

பெட்ரோல் போகிற ரப்பர் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குழாய்களின் மேலே நூல் பின்னல் போட்டிருக்கும். பின்னல் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே ரப்பர் வறண்டு வெடித்திருக்கும். போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலிலேயே 10 சதவீதம் வரை. பழைய ரப்பருக்கும் எத்தனாலுக்கும் ஆகாது. இஞ்சினோ பின்புறம் இருக்கிறது. குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டி, சூடான இஞ்சினில் பட்டால், ஓட்டுபவருக்குத் தெரிவதற்குள் தீ பெரிதாகிவிடும். அந்த இஞ்சினின் கூடு மக்னீஸியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் விட விட மூர்க்கமாக எரியும். ஆகவே எத்தனால் தாங்கும் குழாயாக வாங்கி, நன்றாயிருப்பதுபோல் தெரிந்தாலும் சில வருஷங்களுக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றிவிட வேண்டும். சமையலறையில் காஸ் குழாயின் தேதியைப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தீயணைக்கும் கருவி முன் ஸீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

காஸ் என்றதும் இன்னொன்று. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அது வெளியேறத்தான் தரையில் துவாரம் விட்டிருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறதென்று அந்தத் துவாரத்தில் துணியை அடைக்கும் புத்திசாலிகள் உண்டு! சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பது வரைதான் நம் வேலை. காஸ் இணைப்பைப் பிரிப்பதும் பிரேக்கைப் பிரிப்பதும் தெரிந்தவர் வேலை.

இப்போது வால்வுக்கு வருவோம். பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடவும், புகையை வெளியே விடவும் இஞ்சினுக்குள் எட்டுச் சிறு கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே 1600 சி.சி. இஞ்சினில் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரைக் காகிதத்தின் கனம். இடைவெளி அதிகமானால் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், பெரிய ஆபத்தில்லை. ஆனால் ஓட ஓட வால்வு தன் இடத்தில் பதிந்து, இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தமும் அடங்கும். "ஆகா, வண்டி எவ்வளவு சாதுவாக ஓடுகிறது!" என்று நாம் மகிழ்ந்திருக்கும்போது, முழுவதும் மூட முடியாத வால்வு உள்ளே கருகிக்கொண்டிருக்கும். ஒரு நாள் தலை ஒடிந்து உள்ளே விழும். அத்தோடு இஞ்சின் தீர்ந்தது. 1970 வரை வந்த வண்டிகளில் மூன்றாவது ஸிலிண்டருக்குத்தான் இந்த அபாயம் அதிகம். பாவம், அதற்கு வரவேண்டிய காற்றை எண்ணெய் குளிரும் பெட்டி மறித்துக்கொண்டு நிற்கிறது.

ஆகவே சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம், ராத்திரி முழுவதும் ஆறிய இஞ்சினில், காலை வேளையில் வேலை தொடங்க வேண்டும். கியரை எடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அடியில் படுத்து, மூடியைப் பிடித்திருக்கும் கம்பியை ஸ்க்ரூ டிரைவரால் கீழே நெம்பினால் மூடி கையோடு வரும். இஞ்சினைக் கையால் சுற்றி, அந்தந்த ஸிலிண்டரின் முறை வந்ததும் அளவுத் தகட்டை இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். வெண்ணெயில் கத்திபோல் வழுக்கவும் கூடாது. இழுத்தால் வராமல் மக்கர் பண்ணவும் கூடாது. நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் ஒரு தரம் பார்க்க வேண்டும். இறுக்கும்போது ஸ்க்ரூ சற்றே திரும்பிவிடும். முதல் தடவை பாதி நாள் ஆகும், முழங்கை வரை எண்ணெயாகும்.

எல்லாம் முடித்து வண்டியைக் கிளப்பினால், முன்பு இல்லாத 'டிக் டிக்' மெல்லக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ரிப்பேர் செய்து கெடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறதே!" என்பார். சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போங்கள்.