மர்மக் காய்ச்சல் என்று ஒன்று இல்லை

வாசுதேவநல்லூரில் ஒருவருக்குப் பத்து நாள் விடாமல் காய்ச்சல் அடித்தால் அதற்கு மூன்று பெயர்கள். டாக்டர் சீட்டில் 'காய்ச்சல்'. ஊர் வாயில் 'விஷக் காய்ச்சல்'. நாலு பேர் செத்துப்போனால் பேப்பரில் 'மர்மக் காய்ச்சல்'. பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான்: யாரும் தேடிப் பார்க்கவில்லை.

என் சித்தப்பா ஏற்கெனவே இதய வால்வில் கோளாறு உள்ளவர். மூன்று வாரம் காய்ச்சல். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. டிஸ்சார்ஜ் பேப்பரில் 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எழுதி அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் இறந்துபோனார்.

அவர் மகள் சென்னையில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறாள். அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளை வாசித்து நோய்களுக்கு ஐசிடி-10 எண் போடும் வேலை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தாள். "இதுக்கு ஆர்50.9தான்ண்ணே போட முடியும். வெறும் காய்ச்சல். அமெரிக்காவுல பூனை பிறாண்டி வர்ற நோய்க்குக்கூட ஏ28.1னு தனி நம்பர் போட்டிருக்கேன்."

அந்த ஏ28.1 பார்ட்டனெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. அதன் இன்னோர் இனம் உடல் பேன் வழியாகப் பரவி, முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களைப் படுக்கவைத்தது; அதற்கு எண் ஏ79.0. பெருவில் மணல் ஈ பரப்பும் இனத்துக்கு ஏ44. ஒரே குடும்பத்துக்கு ஏன் மூன்று அலமாரி? ஐசிடி-10 ஏற்கப்பட்டது 1990இல். இவற்றையெல்லாம் ஒரே பேரினத்தில் சேர்த்தது 1993இல். பட்டியல் அறிவியலுக்குப் பின்னால்தான் ஓடிவரும். ஆனால் நாம் பட்டியலையே உலகம் என்று நம்புகிறோம்.

"இதெல்லாம் நம்ம ஊர் நோயாய்யா?" என்று கேட்பீர்கள். ஆமாம். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரான்ஸின் மார்செய் ஆய்வகத்தோடு சேர்ந்து, இந்தியாவில் இதய வால்வுத் தொற்றுக்கு பார்ட்டனெல்லா குவின்டானாவும் காரணம் என்று 2008இல் எழுதினார்கள். இந்தக் கிருமி வழக்கமான கல்ச்சரில் லேசில் வளராது. ஆன்டிபாடி சோதனையோ பிசிஆரோ செய்யவேண்டும். அதாவது, இது இருக்கலாம் என்று முதலில் ஒருவருக்குத் தோன்றவேண்டும்.

சித்தப்பாவுக்கு வந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவே முடியாது என்பதுதான் என் கோபம்.

நான் டேட்டாபேஸோடு பிழைப்பவன். அங்கே பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு. எண்ணிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம். எண்ணவே போகவில்லை என்றால் வெற்றிடம். ஒன்றை மற்றொன்றாக எழுதினால் என் வேலை போய்விடும். சுகாதாரக் கணக்கில் இதைத் தினமும் செய்கிறோம். சோதிக்கவில்லை, அதனால் எண் இல்லை. எண் இல்லை, அதனால் நோய் அரிது. நோய் அரிது, அதனால் எதற்குச் சோதிக்கணும்?

அமெரிக்காவும் ஒழுங்கில்லை. புறநோயாளிக் குறிப்பில் 'சந்தேகம்' என்று டாக்டர் எழுதினால் என் தங்கை அந்த நோய்க்கு எண் போடக்கூடாது, அறிகுறிக்குத்தான் போடணும். பில்லுக்கு அது நியாயமான விதி. பில்லுக்குப் போட்ட எண்ணை வைத்தே ஒரு நாட்டின் நோயையும் எண்ணுவது நியாயமில்லை.

ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. "டெங்குவுக்கே காசு பத்தலை, பூனைக் காய்ச்சலுக்கு எங்க போறது" என்பவர்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். உண்ணிக் காய்ச்சலும் ஒரு காலத்தில் நம்மூரில் பாடப்புத்தக நோய்தான். 2001-02 குளிர்மாதங்களில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அதை வரிசையாகக் கண்டு பதிவு செய்தார்கள். சிகரெட்டால் சுட்டதுபோன்ற ஒரு கறுப்புப் புண் அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும். துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். மருந்து, விலை மலிந்த டாக்ஸிசைக்ளின். நோய் புதிதாக முளைக்கவில்லை, பார்க்கத் தொடங்கினார்கள்.

ஊருக்கு ஓர் ஆய்வகம் கேட்கவில்லை. வால்வுக் கோளாறு, நீண்ட காய்ச்சல், வளராத கல்ச்சர் மூன்றும் சேர்ந்தால் எங்கள் ஊர் ரத்தம் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி வழியாக, சோதிக்கத் தெரிந்த இடத்துக்குப் போய்ச்சேர ஒரு பாதை வேண்டும். அதுவும் முடியாதென்றால், டிஸ்சார்ஜ் பேப்பரில் எவற்றைச் சோதித்தோம், எவற்றைச் சோதிக்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். அதற்குப் பேனா போதும்.

'காரணம் தெரியாத' என்று மட்டும் இனி எழுதாதீர்கள். 'தேடாத' என்று எழுதுங்கள்.